வேதமும் அரசியலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்கிறது ரோமர் 13. அப்படியிருக்க, விசுவாசி ஒருவர் அரசைக் குறை சொல்வதும் ஆர்ப்பாட்டத்தில் போய் நிற்பதும் தகுமா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: முதல் ஏழு வசனங்களை மட்டும் வெட்டி எடுத்தால் தகாது என்றுதான் தோன்றும். ஆனால் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய இந்த நிருபத்தைப் பவுல் அதிகாரம் அதிகாரமாக (அத்தியாயங்களாக) பிரித்து எழுதவில்லை. இன்றைய அதிகார எண்கள் 13ஆம் நூற்றாண்டில் போடப்பட்டவை. 12:14இல் தொடங்கி 13:10 வரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். துன்பப்படுத்துகிறவர்களை ஆசீர்வதியுங்கள், பழிவாங்காதிருங்கள், "தீமையை நன்மையினாலே வெல்லு" என்று வந்து, அடுத்த வரியில் அதிகாரிகளைப் பற்றிப் பேச்சு. அது முடிந்ததும் அன்புகூருகிற கடன். கையில் எந்த அதிகாரமும் இல்லாத சின்னஞ்சிறு சபை, பகைக்கு நடுவே எப்படிப் பிழைப்பது என்பதே இங்கே பேச்சு.

நிருபம் எழுதப்பட்ட காலம் ஏறக்குறைய கி.பி. 57, அரியணையில் நீரோ. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் முந்தைய பேரரசன் கிலவுதியு ரோமாபுரியிலிருந்து யூதர்களைத் துரத்தியிருந்தான் (அப்போஸ்தலர் 18:2). ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அப்படி வெளியேறியவர்களே. கி.பி. 58இல் சுங்கக்காரர்களின் கெடுபிடியைப் பற்றி மக்கள் நீரோவிடம் முறையிட்டதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். 13:7இல் "வரி", "தீர்வை" இரண்டையும் பவுல் தனித்தனியே சொல்வதை இந்தப் பின்னணியில் பாருங்கள். வரிக் கலகத்தில் மாட்டி இன்னொரு முறை ஊரைவிட்டுத் துரத்தப்படாதீர்கள் என்ற கவலையும் அதில் இருந்திருக்கலாம்.

இன்னொன்று, நம் பழைய மொழிபெயர்ப்பில் கண்ணுக்குத் தெரியாத விஷயம். ரோமர் 13:1, எபேசியர் 6:1 (பிள்ளைகள் பெற்றோருக்கு), அப்போஸ்தலர் 5:29 (மனுஷருக்கு அல்ல, தேவனுக்கு) மூன்றிலும் தமிழில் "கீழ்ப்படிதல்" என்ற ஒரே சொல். கிரேக்கத்தில் மூன்றும் வெவ்வேறு சொற்கள். எபேசியரில் உள்ளது சொல் கேட்டு நடப்பது. ரோமர் 13இல் உள்ள ஹுப்போட்டாஸ்ஸோ, ஓர் ஒழுங்கின் கீழ் தன்னை அமைத்துக்கொள்வது. "இந்தக் கட்டளையைச் செய்யமாட்டேன், அதற்கான தண்டனையை ஏற்கிறேன்" என்று நிற்கிறவரும் அந்த ஒழுங்குக்குள்தான் நிற்கிறார். சிங்கக் கெபிக்குப் போன தானியேல் அப்படித்தான் நின்றார்.

எழுதிய பவுலின் நடத்தையையும் கவனியுங்கள். பிலிப்பியில் அதிகாரிகள் அவரை விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் சத்தமில்லாமல் போய்விடச் சொன்னார்கள். அவர்களே வந்து வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று மறுத்தார் (அப். 16:37). செசரியாவில் "இராயனுக்கு அபயமிடுகிறேன்" என்று ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார். சட்டம் தந்த உரிமையை அவர் கூச்சமில்லாமல் பயன்படுத்தினார். நம் நாட்டில் அமைதியாக, ஆயுதமின்றிக் கூடுவது அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு தரும் உரிமை. ஆகவே ஆர்ப்பாட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம். காவல்துறைக்கு முறையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கல்லை மட்டும் எடுக்காதீர்கள்.

இந்த ஏழு வசனங்களை மட்டும் பிடித்துக்கொண்டதால் வந்த கேட்டுக்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. நிறவெறி அரசு ரோமர் 13ஐத் தனக்கு அரணாக வைத்திருந்ததை 1985இல் அந்நாட்டு இறையியலாளர்கள் கைரோஸ் அறிக்கையில் பெயர் சொல்லியே கண்டித்தார்கள்.

கேள்வி: "இராயனுடையதை இராயனுக்கும்" என்றால் அரசியல் வேறு, ஆன்மிகம் வேறு என்றுதானே பொருள்? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அப்படித்தான் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் காசைக் கையில் எடுத்துப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்காது.

இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டு இயேசுவை மாட்டிவைக்க வந்தவர்கள் கொண்டுவந்த "பணம்", பெரும்பாலும் அப்போதைய பேரரசன் திபேரியுவின் தெனாரியம் என்பார்கள். ஒரு நாள் கூலிக்கு ஈடான வெள்ளிக்காசு. ஒரு பக்கம் அவன் தலை, சுற்றிலும் "தெய்வீக அகஸ்துவின் மகன்" என்று பொருள்படும் எழுத்து. மறுபக்கம் "தலைமைக் குரு" என்ற பட்டம். அரசியலும் மதமும் அந்தக் காசிலேயே பிரிந்திருக்கவில்லை. இவ்வளவையும் தாங்கிய காசை, தேவாலய வளாகத்துக்குள் மடியில் வைத்திருந்தவர்கள் கேள்வி கேட்டவர்கள்தான். இயேசு தம்மிடமிருந்து எடுக்கவில்லை, "காண்பியுங்கள்" என்றார். மாட்டிவைக்க வந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

அவர் கேட்டது "இந்தச் சுரூபம் யாருடையது?" என்று. இங்கே கிரேக்கத்தில் உள்ள சொல் ஐக்கோன். மனிதன் தேவசாயலாகப் படைக்கப்பட்டான் என்னும் ஆதியாகமம் 1:27இன் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அதே சொல்தான். பழைய தமிழ் வேதாகமத்தில் அங்கே "சாயல்", இங்கே "சுரூபம்", தொடர்பு அறுந்துவிடுகிறது. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அங்கே "உரு", இங்கே "உருவம்" என்று வருவதால் சட்டென்று பிடிபடும். வேதபாட வகுப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். இராயனின் உருவம் பதிந்தது காசு, அது அவனுக்குப் போகட்டும். தேவனுடைய உருவம் பதிந்தது எது? "தேவனுடையதைத் தேவனுக்கும்" என்ற அந்த இரண்டாம் பாதியில் இராயனும் அடக்கம்.

கேள்வி: கிறிஸ்தவ வேட்பாளருக்குத்தான் வாக்களிக்க வேண்டுமா? (வேலூர் வாசகர்)

பதில்: இல்லை. ஏசாயா 45:1 அபிஷேகம்பண்ணப்பட்டவன் என்று அழைப்பது கர்த்தரை அறியாத பெர்சிய ராஜா கோரேசை. அதற்காக நமக்குப் பிடித்த தலைவரையெல்லாம் கோரேசு ஆக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் 2016இல் டிரம்ப்புக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டியவர்கள் உண்டு. கோரேசு பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்களை வீட்டுக்கு அனுப்பினவன் என்பது எப்படியோ மறந்துபோயிற்று.

கேள்வி: தேர்தல் நேரத்தில் வேட்பாளர் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறார். இரண்டு நிமிடம் பேசக் கேட்கிறார். என்ன செய்வது? (தூத்துக்குடி, சேகரக் குழு உறுப்பினர்)

பதில்: உட்காரலாம், மைக் கிடையாது. இதை அவர் வாசலில் வந்து நிற்கும்போது யோசிக்காதீர்கள். தேர்தல் அறிவிப்பு வந்த வாரமே குழுவைக் கூட்டித் தீர்மானமாக எழுதிவையுங்கள். "எந்தக் கட்சிக்கும் இல்லை என்று முடிவு செய்திருக்கிறோம்" என்று சொன்னால் ஆயர் தலையில் பழி விழாது.

சட்டமும் இதில் தெளிவு. 1988ஆம் ஆண்டின் சமய நிறுவனங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைத் தடுக்கும் சட்டம், சமய நிறுவனத்துக்குச் சொந்தமான இடத்தில் அரசியல் பரப்புரையைத் தடைசெய்கிறது. தண்டனை 5 ஆண்டு வரை சிறை, அபராதம் 10,000 ரூபாய் வரை. ஆலயத்துக்குச் சொந்தமான மண்டபமும் இதில் சேரும். மதத்தின் பேரால் வாக்குக் கேட்பது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்படி முறைகேடு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4–3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

பெரும்பாலும் சறுக்குவது பிரசங்கத்தில் அல்ல, ஜெபத்தில்தான். "ஆண்டவரே, எங்கள் அன்பு அண்ணனை ஆசீர்வதியும்" என்று தொடங்கி, அவர் போட்டுத் தந்த ரோடு வரை போய் "ஆமென்" என்று முடித்தால் அது கண்ணை மூடிக்கொண்டு செய்த பிரசாரம். மன்றாட்டை முன்னதாகவே எழுதிக்கொடுங்கள். 1 தீமோத்தேயு 2:2 போதும்: அதிகாரமுள்ள யாவருக்காகவும். அதோடு போட்டியிடும் எல்லாரும், வாக்குச்சாவடி ஊழியர்கள், காவலர்கள். பெயரோ சின்னமோ வேண்டாம். சால்வை, பீடத்தருகே போட்டோ, சபை வாட்ஸ்அப் குழுவில் அதைப் பகிர்வது மூன்றும் வேண்டாம். கூரை வேலைக்கென்று கவரை நீட்டினால், முடிவு வந்த பிறகு வந்து தாருங்கள், ரசீது போடுகிறோம் என்று சொல்லுங்கள்.