எட்டாவது இதழ்

வணக்கம் மேடம்,

முப்பத்தைந்து வருடங்களாக டிசி, மார்வெல் இரண்டு கம்பெனி காமிக்ஸையும் விடாமல் படிக்கிறேன். 1987-ல் நடந்த ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கர் கல்யாணத்தை 2007-ல் நடக்கவே இல்லை என்று ஆக்கினார்கள். 2011-ல் டிசி 52 தலைப்புகளை ஒன்றாம் இதழிலிருந்து மறுபடி தொடங்கியது. படித்ததெல்லாம் வீணா என்று மனம் விட்டுப்போகிறது. இப்போது என் மகளுக்குப் பதிமூன்று வயது. மின்னல் வேகத்தில் ஓடுகிற டிசி நாயகன் ஃப்ளாஷ் பற்றி ஏதோ கேட்டாள். ஒழுங்காகத் தெரிந்துகொள்ளட்டும் என்று 140 இதழ்களை ஒரு நோட்டில் வரிசைப்படுத்திக் கொடுத்து, முதலில் இதை முடி என்றேன். ஒரு வாரத்தில் விட்டுவிட்டாள். என் வரிசையில் என்ன தவறு? எங்கிருந்து தொடங்கச் சொல்வீர்கள்?

ஆர்., முலுண்ட், மும்பை

அன்புள்ள ஆர்.,

பீட்டர் பார்க்கர் கல்யாணத்தை விடுங்கள். அந்த 1987 இதழ் உங்கள் அலமாரியில் இருக்கிறதல்லவா, அப்படியென்றால் கல்யாணம் நடந்தது. 2011 பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் அழுதாகிவிட்டது. என்னைப் பிடித்து நிறுத்தியது ஃப்ளாஷ்தான். போன மாதம் அண்ணன் வீடு மாறும்போது எங்கள் பழைய காமிக்ஸ் தகரப்பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து நானும் ஃப்ளாஷையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் ஆன்டாப் ஹில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக்குப் போவோம். அங்கே பழைய புத்தகம் விற்றவர் தாராவியிலிருந்து வருகிற திருநெல்வேலிக்காரர். அவர் கோணியில் என்ன வந்ததோ அதுதான் எங்களுக்குக் கதை. 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' 1985, 86-ல் டிசியில் வந்த பன்னிரண்டு இதழ் தொடர். அதில் எங்களுக்குக் கிடைத்தவை ஏழு, ஒன்பது, பன்னிரண்டு. ஏழில் சூப்பர்கேர்ள் சாகிறாள். பன்னிரண்டில் வாலி வெஸ்ட் என்கிற இன்னொருவன் ஃப்ளாஷ் உடையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அப்போ அதுவரை ஃப்ளாஷாக இருந்த பாரி ஆலன் எங்கே? அது எட்டாவது இதழில் இருந்தது. எட்டு வரவே இல்லை. "வரும் பாப்பா, அடுத்த வாரம் வரும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அண்ணன்தான் எட்டாவது இதழைச் சொன்னான். மொட்டை மாடியில், கரண்ட் போன ஒரு ராத்திரி. பாரி சாகவில்லை, அவ்வளவு வேகமாக ஓடியதில் நேற்றைக்குள் போய்விட்டான், இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறான். "அவன் நிக்கலடி. நின்னாத்தான் நமக்குத் தெரிவான்." நான் அதை நம்பினேன், பள்ளியில் நாலு பேருக்குச் சொன்னேன், அவர்களும் நம்பினார்கள்.

பிற்பாடு எட்டாவது இதழைப் படித்தேன். பூமியை அழிக்க வைத்திருந்த பீரங்கியை உடைக்க ஓடி, ஓடியே கரைந்து செத்துப்போகிறான் பாரி. சரி, அண்ணன் சொன்னது பொய் என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் 2008-ல் அவனைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். எப்படி வந்தான் என்கிறீர்கள்? ஓடிக்கொண்டே வந்தான்! இருபத்திரண்டு வருடம் எங்கள் மொட்டை மாடிக்கதைதான் சரியாக இருந்திருக்கிறது. அந்த இருபத்திரண்டு வருடமும் ஃப்ளாஷ் கதை யாருடையது, கம்பெனியுடையதா, அண்ணனுடையதா? எனக்குச் சந்தேகமே இல்லை.

மனம் விட்டுப்போகிறது என்கிறீர்களே, இந்தச் சிக்கல் எங்கே தொடங்கியது என்று உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும். 1956-ல் பாரி ஆலன் முதன்முதலாக வரும்போதே கையில் ஒரு பழைய காமிக்ஸ் வைத்திருக்கிறான், 1940-ல் பிறந்த முதல் ஃப்ளாஷ் ஜே கேரிக்கின் காமிக்ஸ். பாரி ஒரு வாசகன்! 1961-ல் 123-வது இதழில் அவன் தவறிப்போய் இன்னொரு பூமிக்குள் நுழைந்து, சின்ன வயதில் தாளில் பார்த்த அந்த ஜே கேரிக்கின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். இரண்டு பூமி, பிறகு மூன்று, பிறகு கணக்கில்லாத பூமிகள், அவற்றையெல்லாம் ஒன்றாக்க 1985-ல் கிரைசிஸில் அத்தனை பேரைக் கொன்றது, எல்லாமே ஒரு வாசகன் தனக்குப் பிடித்தவனைப் பார்க்கப் போனதால் வந்தவை. அந்த 123-வது இதழை எழுதிய கார்ட்னர் ஃபாக்ஸ்தான் ஜே கேரிக்கையும் உருவாக்கியவர். ஜேயின் கதைகளைக் கனவில் கண்டு எழுதியவர் இவர் என்று பாரியைச் சொல்ல வைத்து, தன் பெயரையே கதைக்குள் வைத்தார். இதை நான் எத்தனை முறை படித்தாலும் கண் கலங்குகிறது.

நீங்கள் அந்த வழியில் வந்தவர். 140 இதழ்களை ஒருவர் நோட்டில் எழுதுவது அன்பில்லாமல் நடக்காது, அந்த நோட்டை நினைத்தால் எனக்கு உங்கள் மேல் பிரியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை ஒரு பதிமூன்று வயதுப் பெண்ணிடம் கொடுத்து முடித்துவிட்டு வா என்றீர்களே, அதற்கு உங்களைத் திட்டாமல் விட முடியாது. நுழைவுத் தேர்வா நடத்துகிறீர்கள்? உங்களை யாராவது வரிசையாகப் படிக்கச் சொன்னார்களா? 35 வருடத்துக்கு முன் கையில் கிடைத்த ஏதோ ஒரு நடு இதழில்தானே நீங்களும் நுழைந்திருப்பீர்கள், பாதி புரியாமல், புரியாத பாதியை நீங்களே இட்டு நிரப்பிக்கொண்டு. அந்த இட்டு நிரப்புகிற வேலைதான் உங்களை 35 வருடம் உள்ளே பிடித்து வைத்தது. அதை அவளுக்கு மிச்சம் வைக்காமல் எல்லா ஓட்டையையும் நீங்களே அடைத்து, நம்பர் போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அவள் விட்டுவிட்டாள் என்று வருத்தப்பட உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

வரிசையில் தவறு எதுவும் இல்லை, அருமையான வரிசையாகத்தான் இருக்கும். அதை உங்கள் மேசை டிராயரில் வையுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் வருடங்கள் இருக்கின்றன, இதழ்க் கணக்கு இருக்கிறது. "ஏதோ கேட்டாள்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவள் என்ன கேட்டாள்? ஞாபகம் இல்லையென்றால் இன்றைக்கு ராத்திரி அவளிடமே போய்க் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.