லவ் பேர்ட்ஸ் குஞ்சுக்கு என்ன கலர்? கேள்வி பதில்

மதுரைக் கடைகள்ல "லவ் பேர்ட்ஸ்"னு கேட்டா பெரும்பாலும் கையில வர்றது பட்ஜிங்கிற சின்னக் கிளிதான். ஆஸ்திரேலியக் காட்டுல அதோட இயல்பான நிறம் பச்சை உடம்பு, மஞ்சள் முகம், முதுகுல கறுப்பு வரி. இன்னிக்குக் கூண்டுல பார்க்கிற மத்த நிறமெல்லாம் இதுல இருந்து மாறி வந்ததுதான். கேட்கிறவங்க குஞ்சோட வயசையும் தாய் தகப்பன் நிறத்தையும் சேர்த்தே சொல்லுங்க. அது இல்லாம படத்தை மட்டும் வச்சுப் பேர் சொன்னா பாதி தப்பாகும்.

திருமங்கலம்: அண்ணே, ரெண்டும் பச்சை ஜோடி. நாலு குஞ்சு பொரிஞ்சிருக்கு, வயசு 4 நாள். ஒண்ணுக்கு மட்டும் கண்ணு சிவப்பாத் தெரியுது. லூட்டினோவா?

லூட்டினோவா (முழு மஞ்சள், சிவப்புக் கண்ணு) இருக்கலாம், சின்னமனாவும் (கறுப்பு வரி பழுப்பா மாறின வகை) இருக்கலாம். இந்த வாரமே பார்த்துடுங்க தம்பி, விட்டா அப்புறம் சிரமம். குஞ்சு கண்ணு திறக்கப் பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் மூடின தோல் வழியாவே நிறம் தெரியும். சாதாரணப் பச்சைக்கு அந்த இடம் மிளகு மாதிரி கறுப்பா இருக்கும். லூட்டினோவுக்கு மாதுளை முத்து மாதிரி பளிச்னு சிவப்பு. சின்னமனுக்கு நாவல்பழச் சாறு மாதிரி இருண்ட சிவப்பு. சின்னமன் கண்ணு ஒரு வாரம் போனதும் கறுக்க ஆரம்பிச்சு, கூட்டை விட்டு வர்றப்ப மத்த குஞ்சோட கண்ணு மாதிரியே ஆயிடும். லூட்டினோவுக்குக் கடைசி வரை சிவப்புதான். கண்ணைத் தவறவிட்டா இறகு முளைக்கிற வரை காத்திருக்கணும். வரி கறுப்பா இல்லாம பழுப்பா வந்து, உடம்புப் பச்சையும் வெளிறியிருந்தா சின்னமன்.

இந்த ரெண்டுல எதுவா இருந்தாலும் உங்க குஞ்சு பெண். இந்த நிறங்களோட மரபணு பாலினக் குரோமோசோம்ல இருக்கு. ஆணுக்கு அது ரெண்டு பிரதி வேணும், பெண்ணுக்கு ஒண்ணே போதும். பச்சையாத் தெரியிற தகப்பன் அதை ஒளிச்சு வச்சிருக்கு, அதாவது "ஸ்ப்ளிட்". ஃபாலோனு ஒரு வகைக்கும் கண்ணு சிவப்பா இருக்கும், அது ஆண் பெண் ரெண்டுலயும் வரும். ஆனா அபூர்வம்.

குஞ்சு இருக்கிற கூட்டுப் பானையைக் காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பாருங்க. கையைக் கழுவிட்டு, டார்ச்சை நேரா முகத்துல அடிக்காம பானைச் சுவர்ல அடிங்க. ஒரு நிமிஷத்துல மூடிடுங்க.

செல்லூர்: லூட்டினோனு சொல்லி 2 மாசக் குஞ்சு குடுத்தாங்க. முழு மஞ்சள், ஆனா கண்ணு கறுப்பு.

அப்ப அது லூட்டினோ இல்லைங்க. பெரும்பாலும் டபுள் ஃபேக்டர் ஸ்பாங்கிளா, அதாவது ஸ்பாங்கிள் மரபணு ரெண்டு பிரதி உள்ளதா இருக்கும். உடம்புல லேசாப் பச்சை ஓடி, இறக்கையில மங்கலா வரி தெரிஞ்சா டைல்யூட். வரியே இல்லாம சுத்த மஞ்சள்னா ஸ்பாங்கிள், இல்லாட்டி டார்க் ஐட் கிளியர். இது ரெண்டையும் இப்ப பிரிக்க முடியாது. ஆறு, எட்டு மாசம் ஆனதும் கண்மணியைச் சுத்தி வெள்ளை வளையம் வந்தா ஸ்பாங்கிள், வராமலே போனா டார்க் ஐட் கிளியர். இன்னொரு சோதனை: சாதாரணப் பறவையோட ஜோடி சேர்த்தா, டபுள் ஃபேக்டர் ஸ்பாங்கிளுக்குப் பிறக்கிற எல்லாக் குஞ்சும் ஸ்பாங்கிளா இருக்கும்.

உசிலம்பட்டி: ஸ்பாங்கிளையும் ஓபலைனையும் குழப்பிக்கிறேன்.

ஒரே ஒரு இறக்கை இறகைப் பாருங்க. சாதாரணப் பறவைக்கு இறகு நடுவுல கறுப்பு, ஓரத்துல வெளுப்பு. ஒரு பிரதி மட்டும் உள்ள ஸ்பாங்கிளுக்குத் தலைகீழா நடு வெளுப்பு, ஓரத்துல மெல்லிய கறுப்புக் கோடு. தொண்டைப் பொட்டும் நடுவுல வெளுத்து வளையம் மாதிரி நிக்கும். ஓபலைனுக்கு முதுகைப் பாருங்க. ரெண்டு இறக்கைக்கும் நடுவுல "வி" வடிவத்துல வரி குறைஞ்சு உடம்பு நிறம் தெரியும், பின்தலை வரியும் மங்கும். இறகு விரிஞ்ச நாலாவது வாரத்துல ரெண்டும் தெளிவாகும்.

மேலூர்: நீலமும் நீலமும் சேர்ந்து பச்சைக் குஞ்சு வருமா?

வராது. பச்சையும் பச்சையும் சேர்ந்து நீலம் வரலாம், ரெண்டும் நீலத்தை ஒளிச்சு வச்சிருந்தா. நீல ஜோடிப் பானையில நிஜமாவே பச்சை வந்தா, கூண்டுல வேற ஆண் சேர்ந்திருக்கு. ஆனா எல்லோஃபேஸ் நீலத்துல, அதாவது முகம் மஞ்சளா இருக்கிற நீலத்துல, ஒரு வகைக்கு அந்த மஞ்சள் உடம்புக்கும் பரவிக் கடல்பச்சையாத் தெரியும். முதல்ல அதைச் சரிபாருங்க. ஒரே பெரிய கூண்டுல பத்துப் பானை தொங்கவிட்டா எந்தக் குஞ்சுக்கும் தகப்பன் பேர் சொல்ல முடியாது. நிறம் பார்த்து வளர்க்கணும்னா ஜோடிக்கு ஒரு கூண்டு. பெண்ணை ஆண்கள்கிட்ட இருந்து பிரிச்சு மூணு நாலு வாரம் தனியா வச்ச பிறகு ஜோடி போடுங்க, ஏன்னா பழைய சேர்க்கையோட விந்து அது உடம்புல கொஞ்ச நாள் தங்கும்.

ஒத்தக்கடை: என் பறவை சாம்பலா (கிரே), மாவ் நிறமா (mauve)? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வாலைப் பாருங்க. சாம்பலுக்கு நீள வால் இறகு கறுப்பு, கன்னப் பொட்டும் சாம்பல் படிஞ்சிருக்கும். மாவ் நிறத்துக்கு வால் இருண்ட நீலம், கன்னம் ஊதா.

ஆனையூர்: வயலட்னு சொல்லி அதிக விலை கேட்கிறாங்க, 5 வாரக் குஞ்சு.

பொறுங்க. கூட்டு இறகு எப்பவுமே மங்கல். மூணு நாலு மாசத்துல முதல் இறகு உதிர்வு முடிஞ்சு நெற்றி வரி போன பிறகுதான் நிஜ நிறம் வரும். கண்ணுக்கு நல்லாத் தெரியிற வயலட்னா கோபால்ட் (அடர் நீலம்) மேல வயலட் ஃபேக்டர்ங்கிற மரபணு சேர்ந்தது. அதனால தாய் தகப்பனை நேர்ல காட்டச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணுகிட்டகூட வயலட் ஃபேக்டர் இல்லைன்னா குஞ்சும் வயலட் இல்லை.

வாடிப்பட்டி: லூட்டினோ ஆண், பச்சைப் பெண். குஞ்சு எப்படி வரும்?

நல்ல ஜோடி. பிறக்கிற பெண் எல்லாம் லூட்டினோ, ஆண் எல்லாம் பச்சை ஸ்ப்ளிட். மூக்குச் சதையைப் பார்த்து ஆண் பெண் சொல்றது லூட்டினோவுல சிரமம், ஆணுக்கு வளர்ந்த பிறகும் அது நீலமாகாம இளஞ்சிவப்பாவே நிக்கும். இந்த ஜோடியில அந்தத் தொல்லையே இல்லை, பொரிச்ச அன்னைக்கே கண்ணைப் பார்த்துச் சொல்லிடலாம். ஏழுல இருந்து பத்து நாளுக்குள்ள காலுக்கு வளையம் போட்டு, எண்ணுக்கு நேரா கண் நிறத்தை எழுதி வச்சுக்கோங்க. ஜோடியை மாத்தி, பச்சை ஆணையும் லூட்டினோ பெண்ணையும் போட்டா, அந்த ஆண் ஸ்ப்ளிட்டா இல்லாத வரை ஒரு லூட்டினோகூட வராது.