சொச்சம்

அன்புள்ள சார்,
முதல் உலகப்போர் நூற்றாண்டுக்காக 2014ல லண்டன் டவர் கோட்டையோட அகழி முழுக்க சிவப்பா பீங்கான் பாப்பிப் பூ நட்டு வச்சாங்க, எட்டே முக்கா லட்சத்து சொச்சம். நானும் போய் நின்னேன், அழுகை வந்துச்சு. பக்கத்துல ஒருத்தர் செல்ஃபி எடுத்துட்டிருந்தாரு. ஐம்பது லட்சம் பேர் வந்தது அஞ்சலியா, இல்ல வெறும் டூரிசமா? நூற்றாண்டுன்னா இப்படித்தான் செய்யணுமா?
— லண்டன் வாசகர்

தம்பி,

அழுததுக்கு வெக்கப்படாதீங்க. செல்ஃபிக்காரர விடுங்க, எழவு வீட்டுலயே காபில சக்கர கம்மின்னு சொல்றவன் இருக்கான். ஆனா அது என்ன "சொச்சம்"? கத்திரிக்கா எடையா போட்டாங்க? 8,88,246. பிரிட்டிஷ் படையில செத்த ஒரு ஆளுக்கு ஒரு பூ, கையால செஞ்சது, போர் முடிஞ்ச நாளான நவம்பர் 11 அன்னிக்கு கடைசிப் பூவ ஒரு 13 வயசுப் பையன் நட்டான், அத நடாம விட்டிருந்தா பாக்கற எவனுக்கும் தெரிஞ்சிருக்காது, ஆனாலும் விடல. அத்தன தூரம் போய் நின்னு அழுதுட்டு அந்த நம்பர மறந்துட்டு வந்திருக்கீங்களே!

எனக்கு அதவிட 2016ல செஞ்சதுதான் புடிச்சது. ஃபிரான்ஸ்ல நடந்த சோம் போர்ல முதல் நாள், 1916 ஜூலை 1, ஒரே நாள்ல 19,240 பிரிட்டிஷ் சிப்பாய்ங்க போயிட்டாங்க. நூறு வருஷம் கழிச்சு அதே தேதில சுமார் 1,400 பேர் அந்தக் கால யூனிஃபார்ம்ல ரயில்வே ஸ்டேஷன், கடைத்தெருன்னு வந்து சும்மா நின்னாங்க. பேச்சுக் குடுத்தா பதில் கிடையாது, ஒரு அட்டைய நீட்டுவாங்க, அன்னிக்கு செத்த ஒருத்தனோட பேரு.

பேருன்னதும் எங்க வீட்டு விஷயம் ஞாபகம் வருது. என் பாட்டியோட அண்ணன் அதே உலகப்போருக்கு இராக்ல இருக்கற பஸ்ரா போனவரு, திரும்பல. பஸ்ரா நினைவுச்சின்னத்துல வெள்ளக்கார சிப்பாய்க்கெல்லாம் பேர் வெட்டினாங்க, நம்மாளுன்னா அதிகாரியா இருந்தாத்தான், மத்தவங்க எல்லாம் ரெஜிமென்டுக்கு இத்தன பேருன்னு வெறும் எண்ணிக்கை. சரி, எண்ணவாவது செஞ்சாங்க. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021ல அறிக்கை விட்டு மன்னிப்பு கேட்டுச்சு, எங்கயும் பேர் எழுதாம விட்டவங்க குறைஞ்சது 1,16,000, கூடப்போனா 3,50,000 இருக்கலாமாம், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காக்காரங்க, எகிப்துக்காரங்க, நெறயப் பேரு துப்பாக்கியே தொடாம மூட்ட சுமந்து காய்ச்சல்லயும் பசிலயும் செத்திருப்பான். பெரிய எண்லேர்ந்து சின்ன எண்ண கழிங்க. 2,34,000. அது அத்தனையும் இருக்கலாம், இல்லாமயும் போகலாம்னு நிக்கற ஆளுங்க. சொச்சம்னா இதுதான் தம்பி, நீங்க அகழில பாத்ததுக்கு அந்த வார்த்தைய போடாதீங்க.

பாட்டிக்கு அண்ணன் செத்த தேதி தெரியாது. ஆடி அமாவாசைக்கு தனியா ஒரு எல போடும். 1971ல சென்சஸ்காரர் திண்ணைல உக்காந்து வீட்ல எத்தன பேருன்னு கேட்டாரு, எட்டு, எங்கண்ணனோட ஒம்பதுன்னுச்சு. அண்ணன் எங்கன்னாரு. பஸ்ராலன்னுச்சு. வேலையான்னாரு. ஆமா, வேலைக்குத்தான் போச்சு.

"அப்ப அவர அங்கயே எண்ணிக்குவாங்க பாட்டி"ன்னு சொல்லி எட்டுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு.