குப்பைத்தொட்டிக்குள் ஒரு குட்டி ஒபோசம்: கேள்வி பதில்

வட கரோலினாவில் ராலே பக்கம் இருக்கிறேன். வார இறுதிகளில் ஒரு காட்டுயிர் மறுவாழ்வு மையத்தில் குட்டிகளுக்குக் கூண்டு கழுவி, சாப்பாடு வைத்து ஆறு வருடம் ஓடிவிட்டது. நான் மருத்துவர் இல்லை, கைப்பழக்கத்தில் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். வசந்தம் முடியும் நேரம் வந்தாலே தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறார்கள், இங்கே வீடுகளைச் சுற்றி ராத்திரியில் அலையும் ஒபோசம் என்ற விலங்கைப் பற்றி, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

ராத்திரி குப்பை போடப் போனால் தொட்டிக்குள் ஒரு பிராணி. வெள்ளை முகம், கறுப்புக் காது, எலி வால். டார்ச் அடித்தும் பதறவில்லை, மூக்கைத் தூக்கி என்னையே மோப்பம் பிடிக்கிறது. வெறி பிடித்ததா அக்கா? (ஆஸ்டின்)

வெறி இல்லை தம்பி, அனுபவம் இல்லை, அவ்வளவுதான். நாலைந்து மாதத்தில் தாயை விட்டுப் பிரிந்து தனியாக அலையத் தொடங்கும் குட்டிக்கு மனிதன் என்றால் என்ன, நாய் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். கண்பார்வையும் சுமார்தான், உலகத்தையே மூக்கால்தான் படிக்கிறது. அதனால்தான் ஓடாமல் நின்று உங்களை முகர்ந்து பார்த்தது. ஒபோசத்துக்கு ரேபிஸ் வருவது மிக அபூர்வம். அதன் உடம்புச் சூடு நம்முடையதைவிடக் குறைவு, அந்தக் கிருமிக்கு அது ஒத்துவருவதில்லை என்பார்கள். அதற்காகக் கையை விட்டுத் தூக்காதீர்கள், வாயில் 50 பல் இருக்கிறது. கிட்டே போனால் வாயை அகலத் திறந்து, எச்சில் ஒழுக, உஸ் என்று சீறும். பெரும்பாலும் வெறும் மிரட்டல்தான், ஆனால் மூலையில் மாட்டிக்கொண்டால் கடிக்கவும் செய்யும்.

தொட்டியின் வழவழப்பான பக்கத்தில் அதனால் ஏற முடியாது. மெதுவாகத் தொட்டியைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். நின்று வேடிக்கை பார்த்தால் அதுவும் நின்று உங்களை வேடிக்கை பார்க்கும், விடிய விடிய.

இது பெருச்சாளி வகையா? ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் தங்கை அங்கேயும் இதேதான் இருக்கிறது என்கிறாள். (எடிசன், நியூ ஜெர்சி)

பெருச்சாளிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இது கங்காரு மாதிரி வயிற்றில் பை உள்ள சாதி. அமெரிக்காவிலும் கனடாவிலும் இயற்கையாக வாழும் ஒரே பை விலங்கு இதுதான். கர்ப்பம் பன்னிரண்டு பதின்மூன்று நாள்தான். தேனீ அளவில் பிறக்கும் குஞ்சு தானாகவே ஊர்ந்து பைக்குள் போய்க் காம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காம்பு வழக்கமாக 13, பிறப்பது அதைவிட அதிகமாகவும் இருக்கும், காம்பு கிடைக்காததன் கதை அதோடு முடிந்தது. இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் பையில், அப்புறம் தாயின் முதுகில் சவாரி.

பெயர் வர்ஜீனியாவின் பவ்ஹாட்டன் மக்களின் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பின்னால் ஆஸ்திரேலியாவுக்குப் போன ஆங்கிலேயர்கள் அங்கே பார்த்த வேறொரு பை விலங்குக்கும் அதே பெயரைச் சுருக்கி 'பாசம்' (possum) என்று வைத்துவிட்டார்கள். உங்கள் தங்கை பார்ப்பது அந்த இன்னொன்றை. இங்கே பேச்சில் இதையும் பாசம் என்றுதான் சொல்கிறார்கள். "வாசலில் பாசம் வந்து நிக்குது" என்று நான் சொன்னதும், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் அம்மா யாரோ உறவுக்காரர் என்று நினைத்துக் கதவைத் திறந்தார். பார்த்துவிட்டு, "மரநாய்டி இது" என்றார். தப்பு என்றாலும் நியாயமான தப்பு, நம் ஊர் ஓட்டுக்கூரையில் மரநாய் செய்யும் ராத்திரி வேலையைத்தான் இது இங்கே செய்கிறது.

கராஜுக்குள் ஒன்று புகுந்துவிட்டது. இரண்டு நாளாக அரிசி மூட்டைக்குப் பின்னால் சத்தம். போய்விட்டதா இருக்கிறதா என்றே தெரியவில்லை. (டாலஸ்)

கோலமாவு இருக்கிறதா? கிண்டல் இல்லை. மூட்டை, பூனைச் சாப்பாடு என்று தின்னக்கூடியது எல்லாவற்றையும் முதலில் மூடி வையுங்கள். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் கராஜ் கதவைத் திறந்து, வாசலுக்கு வெளியே ஒரு துண்டு வாழைப்பழமோ கொஞ்சம் மீனோ வைத்து, வாசல்படி நெடுகிலும் ஒரு சாண் அகலத்துக்கு மாவைத் தூவுங்கள். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் இருங்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மாவில் தடம் வெளிப்பக்கமாகப் போயிருந்தால் கதவைச் சாத்தலாம். தடத்தை அடையாளம் காண்பது சுலபம், பின்னங்காலில் நம் கட்டைவிரல் மாதிரி ஒரு விரல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், அதில் நகம் கிடையாது. என் மையத்துக்கு வந்த ஒருவர் மாவுக்குப் பதிலாக மிளகாய்ப்பொடி தூவினார். ஒபோசம் போய்விட்டது, அவர் வீட்டில் மூன்று நாள் தும்மல் போகவில்லை.

துடைப்பத்தை வைத்து விரட்டாதீர்கள், பயந்தால் இன்னும் உள்ளே போய் ஒடுங்கும்.

எங்கள் நாய் ஒன்றைக் கவ்வி வந்தது. நாக்கு தொங்க, நாற்றம் அடிக்க, செத்துக் கிடந்தது. குழி தோண்டிவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம்! (அட்லாண்டா)

குழி வெட்டிய உழைப்பு வீண், ஒரு செடி வைத்துவிடுங்கள். அது நடிப்பு இல்லை. பயம் எல்லை மீறினால் அதன் உடம்பு தானாகவே அப்படி விறைத்துப் போகும், மயக்கம் மாதிரி. அதுவாக நினைத்துச் செய்யவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. வாயில் நுரை, பின்புறத்திலிருந்து பச்சையாக ஒரு திரவம், அந்த நாற்றம் அதிலிருந்துதான். சில நிமிடத்திலும் தெளியலாம், மணிக்கணக்கும் ஆகலாம். அதனால் "செத்த" ஒபோசத்தைக் கண்டால் நாயைக் கட்டிவிட்டு, அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். பல் பட்ட ரத்தக் காயம் தெரிந்தால் மட்டும் மறுவாழ்வு மையத்தைக் கூப்பிடுங்கள். நாய் பூனை கடித்த காயம் வெளியே சின்னதாக இருந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும்.

உள்ளங்கை அளவு குட்டி ஒன்று தனியாகத் தோட்டத்தில் தும்மிக்கொண்டே நடந்தது. சளி என்று நினைத்து எடுத்துப் பசும்பால் கொடுத்தேன், குடிக்கவில்லை. (சார்லட்)

பாலை முதலில் நிறுத்துங்கள். பசும்பால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. தவிர, இந்தக் குட்டிகளுக்குச் சங்கிலோ பாட்டிலிலோ சப்பிக் குடிக்கத் தெரியாது. பையில் இருக்கும் காலத்தில் காம்பு வாய்க்குள்ளேயே தங்கிவிடுகிறது. வலுக்கட்டாயமாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். அந்தத் தும்மல் சளியும் இல்லை, தாயைக் கூப்பிடும் குரல். முதுகிலிருந்து நழுவி விழுந்திருக்கும், தாய் எண்ணிப் பார்த்துத் திரும்பி வருவதில்லை.

இங்கே ஒரு ஸ்கேல் வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை, வாலைச் சேர்க்காமல், 7 அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் அதற்கு உதவி தேவை. அதற்கு மேல் இருந்து, காயமும் இல்லையென்றால் அது தன் பிழைப்பைப் பார்த்துக்கொள்ளும், இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். உங்களுடையது உள்ளங்கை அளவு என்றால் கண்டிப்பாகச் சின்னது. காலணிப் பெட்டியில் பழைய பனியன் துணி, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் ஒன்று ஓரமாக, மூடியில் ஓட்டை. இருட்டான, அமைதியான அறை. சாப்பாடோ தண்ணீரோ வேண்டாம். அனிமல் ஹெல்ப் நௌ என்ற இணையதளத்தில் உங்கள் இடத்தைக் கொடுத்தால் பக்கத்து மையத்தைக் காட்டும்.

இதோடு இன்னொன்று, மனசு திடமானவர்களுக்கு. சாலையில் அடிபட்டுக் கிடக்கும் பெண் ஒபோசத்தின் பையில் குட்டிகள் உயிரோடு இருக்கலாம். காம்போடு ஒட்டியிருப்பதைப் பிடித்து இழுக்காதீர்கள், வாய் கிழியும். சாலை பாதுகாப்பாக இருந்தால் கையுறை போட்டுத் தாயையும் சேர்த்தே பெட்டியில் வைத்துக் கொண்டு போங்கள். நான் முதல் முறை செய்தபோது இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அன்றைக்கு ஏழு குட்டி பிழைத்தது.

பிள்ளைகள் வளர்க்கலாம் என்று அடம். (சியாட்டில்)

பெரும்பாலான மாநிலங்களில் அனுமதி இல்லாமல் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். அது போகட்டும், வீட்டுச் சாப்பாட்டில் கால்சியம் கணக்குத் தப்பி எலும்பு வளைந்து, நடக்க முடியாமல் எங்களிடம் வந்து சேரும் குட்டிகளைப் பார்த்தால் நீங்களே வேண்டாம் என்பீர்கள். ஆயுசும் கொஞ்சம்தான், காட்டில் இரண்டு வருடம் தாண்டுவதே அதிகம்.

ஒரு பருவத்தில் 5,000 உண்ணி தின்னுமாமே? வாலில் தொங்கித் தூங்குமாமே? (பாஸ்டன்)

உண்ணிக் கணக்கு 2009-இல் கூண்டில் வைத்துச் செய்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. 2021-இல் 32 ஒபோசங்களின் வயிற்றைத் திறந்து பார்த்தவர்களுக்கு ஓர் உண்ணிகூடக் கிடைக்கவில்லை. எனக்கும் அந்த 5,000 ரொம்பப் பிடித்த கணக்குதான், வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது வாயை மூடிக்கொண்டேன். நத்தை, பூச்சி, அழுகிய பழம், செத்த எலி எல்லாம் நிஜமாகவே தின்னும். வாலில் தூங்காது, குட்டி கொஞ்ச நேரம் தொங்கும். பெரியது காய்ந்த இலையை வாலில் சுருட்டிக்கொண்டு நடக்கும், பார்க்க வேண்டிய காட்சி.

பிடித்துத் தூரத்துக் காட்டில் விட்டுவிடட்டுமா? தினமும் டெக் (வீட்டை ஒட்டிய மரத்தளம்) அடியில் வருகிறது. (டாம்பா)

வேண்டாம், பல மாநிலங்களில் அதற்கும் அனுமதி வேண்டும். ஒபோசம் ஒரே பொந்தில் நீண்ட நாள் தங்காது, தானே இடம் மாறும். தினமும் வருகிறது என்றால் ஏதோ கிடைக்கிறது என்று அர்த்தம். டெக்கில் பூனைக்கு வைக்கும் கிண்ணத்தை ராத்திரி உள்ளே எடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்தும் வந்தால் எழுதுங்கள்.