நுரையீரல் பெரிதாக இருந்தும் மூச்சு ஏன் போதவில்லை?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. முப்பது வருடமாகப் பீடி பிடித்தவர். எம்பைசீமா (நுரையீரலின் காற்றறைகள் சிதையும் நோய்) என்கிறார் டாக்டர். எக்ஸ்ரேயில் நுரையீரல் வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறதாம். உட்கார்ந்திருக்கும்போது ஆக்ஸிஜன் 95 காட்டுகிறது. ஆனால் குளித்துவிட்டு வந்தாலே மூச்சு வாங்குகிறது, "காற்றை இழுக்க முடியல" என்கிறார். ஏன் இப்படி?

பதில்: அவரால் இழுக்க முடியாததற்குக் காரணம், ஏற்கெனவே இழுத்த காற்று முழுதாக வெளியே போகாததுதான்.

நம் நுரையீரலில் 30 கோடிக்கும் மேல் நுண்ணிய காற்றறைகள் உண்டு. அவற்றின் சுவர்களுக்கு ரப்பர் போன்ற இழுவிசை இருக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கத்தான் தசை வேலை செய்ய வேண்டும். வெளியே விடுவதை அந்த ரப்பர் தானாகப் பார்த்துக்கொள்ளும். அதே சுவர்கள்தான், குருத்தெலும்பு இல்லாத மிகச் சிறிய மூச்சுக்குழல்களைச் சுற்றிலும் பிடித்து இழுத்துத் திறந்து வைக்கின்றன. பீடிப் புகையில் சுவர்கள் சிதைந்தால் இரண்டும் போய்விடும். மூச்சை விடும்போது குழல்கள் மடங்கிக்கொள்ள, காற்று உள்ளே தேங்கும். எக்ஸ்ரேயில் தெரிந்த 'பெரிய' நுரையீரல் அந்தத் தேக்கம். அதன் அடியில் குவிந்திருக்க வேண்டிய, மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானம் தட்டையாகிவிடுவதால் இழுக்கும் வலுவும் குறைகிறது. சுவர்கள் அழிவதால் ஆக்ஸிஜன் ரத்தத்துக்குள் போகும் பரப்பும் சுருங்கும், அது வேறு.

சரி, குளிக்கும்போது ஏன்? வேலை செய்தால் மூச்சு வேகமாகும், வெளியே விடக் கிடைக்கும் நேரம் குறையும், தேக்கம் இன்னும் கூடும். போதாததற்குக் கையைத் தூக்கினால், மூச்சுக்கு உதவிக்கொண்டிருந்த தோள் தசைகளும் அந்த வேலைக்குப் போய்விடும். அதனால் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கச் சொல்லுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, விசிலடிப்பதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை மெதுவாக விடட்டும். உள்ளே சற்று அழுத்தம் நிற்பதால் குழல்கள் சீக்கிரம் மடங்காது.

இன்ஹேலரை விடாதீர்கள். அழிந்த அறைகளை அது திருப்பித் தராது, தேங்கிய காற்று வெளியேற உதவும். பீடியை இன்னும் விடவில்லை என்றால் முதல் வேலை அதுதான். இப்போது விட்டாலும் சிதைவின் வேகம் குறையும். நடக்கும்போது ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று டாக்டரிடம் சோதிக்கச் சொல்லுங்கள். சிலருக்கு அதிக ஆக்ஸிஜன் கார்பன் டை ஆக்ஸைடைத் தேக்கிவிடும் என்பதால் நீங்களாக சிலிண்டர் வாங்கி வைக்க வேண்டாம்.

திடீரென ஒரு பக்க நெஞ்சுவலியோடு மூச்சுத் திணறினாலோ, உதடு நீலமானாலோ, வழக்கமில்லாத தூக்கக் கலக்கம் வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.