எம் கட்சி, ஏஎம்ஜி கட்சி, ஏ40 கட்சி: கராஜில் இருந்து பதில்கள்

ஜெர்மனியில் ஸ்ருட்காட் பக்கத்தில் ஒரு வேர்க்ஷொப்பில் 19 வருடம் பென்ஸின் வயிற்றைக் கிளறிவிட்டு வந்து, இப்போது கோண்டாவிலில் சின்னக் கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். விலை உயர்ந்த வேகக் கார்களைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். கேட்டுவிட்டீர்கள்.

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி: அண்ணை, பிஎம்டபிள்யூ எம் திறமோ, பென்ஸ் ஏஎம்ஜி திறமோ?

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் சென்ரல் திறமோ, சென். ஜோன்ஸ் திறமோ என்று கேட்பது மாதிரி இருக்கிறது. எம் என்பது பிஎம்டபிள்யூவின் வேகக் கார்ப் பிரிவு, ஏஎம்ஜி பென்ஸின் வேகக் கார்ப் பிரிவு. கேட்கப்படுகிறவன் எங்கே படித்தான் என்பதுதான் பதிலாக வரும். ஆனால் இரண்டுக்கும் பிறப்பே வேறு. ஏஎம்ஜி 1967இல் பென்ஸை விட்டு வெளியே வந்த இரண்டு பேர் தொடங்கியது. ஔஃப்ரெக்ட், மெல்கர் என்ற இரண்டு பெயர்களின் முதல் எழுத்தும், ஔஃப்ரெக்ட் பிறந்த குரோசாஸ்பாக் ஊரின் முதல் எழுத்தும் ஆங்கிலத்தில் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். 1971இல் பெல்ஜியத்தில் நடந்த ஸ்பா 24 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு பெரிய சிவப்பு பென்ஸில் 6.8 லீற்றர் இஞ்சினை வைத்துக் கொண்டுபோய் இரண்டாவதாக வந்தார்கள். பிஎம்டபிள்யூவின் எம் பிரிவு 1972இல் கம்பனியே தன் ஓட்டப் பந்தய வேலைக்காகத் தொடங்கியது. அதனால்தான் இன்றைக்கும் ஏஎம்ஜிக்காரன் இஞ்சினைப் பற்றிப் பேசுவான், எம்காரன் ஸ்ரியரிங்கைப் பற்றிப் பேசுவான். உங்களுக்கு எது திறம் என்றால், கொக்குவில் ஒழுங்கைக்குள் இரண்டும் ஒன்றுதான்.

ஸ்காபரோவில் இருந்து: நான் பதினைந்து வருடமாக ஏஎம்ஜி தவிர வேறு கார் தொட்டதில்லை. ஏஎம்ஜி சி63க்கு எட்டுச் சிலிண்டர் வீ8 இஞ்சினை எடுத்துவிட்டு நாலு சிலிண்டர் போட்டார்கள். துரோகம். பிஎம்டபிள்யூ எம்3க்கு மாறட்டுமா அண்ணா?

இந்த மனவருத்தம் எனக்கு விளங்குகிறது. காலையில் ஸ்ராட் பண்ணும்போது அயல் வீட்டு நாய் குரைக்க வேண்டும், அதுதானே வீ8. புதியதில் 2 லீற்றர் ரேபோ இஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து 680 குதிரை வலு தருகின்றன. முந்தைய சி63 எஸ்ஸில் 510தான். கணக்கில் புதியது வென்றுவிட்டது, காதில் தோற்றுவிட்டது. எடையும் இரண்டு தொன்னைத் தாண்டிவிட்டது. அதுதான் என் முறைப்பாடு.

ஆனால் "நாலு சிலிண்டர் எங்கள் மரபில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்தச் சண்டை சூடு பிடித்ததே நாலு சிலிண்டரில்தான். 190ஈ 2.3-16 என்ற பென்ஸ் நாலு சிலிண்டர். அதன் சிலிண்டர் ஹெட்டைச் செய்தது இங்கிலாந்தில் இருக்கும் கொஸ்வேர்த். 1984 மே மாதம் ஜெர்மனியில் புதிய நூர்பர்க்ரிங் ஓடுபாதையைத் திறந்தபோது பெரிய ஓட்டுநர்களுக்கெல்லாம் இந்தக் காரையே ஆளுக்கொன்று கொடுத்து ஓடவிட்டார்கள். 24 வயதுப் பொடியன் ஒருவன் ஃபோர்முலா 1 சாம்பியன் நிக்கி லௌடாவையே பின்னுக்குத் தள்ளி முதலாவதாக வந்தான். அவன் பெயர் அயர்ட்டன் சென்னா. 1986இல் வந்த முதல் எம்3 இருக்கிறதே, அதுவும் 2.3 லீற்றர் நாலு சிலிண்டர்தான். நீங்கள் மாற நினைக்கும் கட்சியின் தாத்தாவும் அதே சாதி.

மாறுவது உங்கள் விருப்பம். கையில் இருக்கும் வீ8ஐ மட்டும் விற்காதீர்கள்.

திருநெல்வேலியில் இருந்து: கொழும்பில் ஒரு 3 சீரிஸ் பார்த்திருக்கிறேன். பின்னால் எம்3 என்று போட்டிருக்கிறது, நாலு சைலன்சர் குழாய். விலை மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா?

மலிவாக எம்3 கிடைத்தால் அது எம்3 இல்லை. போன வருடம் ஒரு பொடியன் இப்படி ஒன்றைக் கராஜுக்குக் கொண்டுவந்தான். நாலு குழாய். நான் குனிந்து ஒவ்வொன்றுக்குள்ளும் விரலை விட்டேன். இரண்டில் கரி பிடித்தது. மற்ற இரண்டிலும் விரல் வெள்ளையாகவே வெளியே வந்தது. அவை எதோடும் பொருத்தப்படவில்லை, பம்பருக்குள் சும்மா நின்றன. பொடியன் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான், பாவம்.

முத்திரை என்பது ஒட்டுகிற சாமான். எம் ஸ்போர்ட் வேறு, எம் வேறு. எம் ஸ்போர்ட், ஏஎம்ஜி லைன் என்றால் சாதாரணக் காருக்கு அழகுக்குப் போட்ட பம்பரும் சில்லும். பல ஏஎம்ஜி வீ8களில் போனற்றைத் திறந்தால் இஞ்சினைக் கட்டியவரின் கையெழுத்துப் போட்ட தகடு இருக்கும், ஒரு இஞ்சினை ஒரே ஆள்தான் கட்டுவார். பிஎம்டபிள்யூ என்றால் 17 எழுத்துச் சசி நம்பரை எடுத்து அது எந்த மொடல் என்று பாருங்கள். அதற்கு முதல் ரயரில் இருக்கும் திகதியைப் பாருங்கள். நாலு இலக்கம்: முதல் இரண்டும் வாரம், மற்ற இரண்டும் வருடம். 3218 என்றால் 2018இன் 32ஆம் வாரம். இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள். அந்த இடைவெளியில் போர்வை மூடி நின்ற கார்கள் நிறைய. பார்வைக்குப் புதிது, ரயர் கிழடு.

கோப்பாய்: வரி எவ்வளவு வரும்?

சுங்கத்திடம் கேளுங்கள்.

உரும்பிராய்: இந்தக் கார்களுக்கு 92 ஒக்ரேன் பெற்றோல் அடிக்கலாமா? இங்கே 95 எல்லா இடத்திலும் இல்லை.

கூடாது. பல எம் இஞ்சின்களுக்குக் கம்பனி சொல்வது 98, குறைந்தது 95. பெற்றோலில் மிச்சம் பிடிக்கிற ஆள் இந்தக் காரை ஏன் வாங்குகிறீர்கள்?

லண்டனில் இருந்து: நல்லூர்த் திருவிழாவுக்கு என் லம்போர்கினியைக் கொண்டுவர யோசிக்கிறேன்.

கோயிலடி வீதிகளை மறித்திருப்பார்கள். நடந்து போங்கள். முருகனும் சந்தோசப்படுவார்.

சுவிஸில் இருந்து: என் மச்சான் லம்போர்கினி உருஸ் வைத்திருக்கிறார், நான் போர்ஷே கயென். குடும்பத்தில் எந்த விசேசமென்றாலும் இரண்டு பேருக்கும் இதே சண்டை. ஒரு தீர்ப்புச் சொல்லுங்கோ.

இரண்டு பேரும் ஒரே கடையில்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டு கம்பனியும் ஃபோக்ஸ்வாகன் குடும்பம். உருஸ், கயென், ஔடி ஆர்எஸ் க்யூ8 எல்லாம் ஒரே அடித்தளத்தில் நிற்பவை. 1998இல் லம்போர்கினியை வாங்கியது ஔடி. டிராக்டர் செய்த ஃபெரூச்சோ லம்போர்கினி தன் ஃபெராரியின் கிளச்சைப் பற்றி என்சோ ஃபெராரியிடம் முறைப்பட்டு, அவமானப்பட்டு, 1963இல் தானே கார்க் கம்பனி தொடங்கினார் என்று ஒரு கதை உண்டு. அந்த ரோசத்தின் வாரிசு இன்றைக்கு ஜெர்மன்காரன் வீட்டில் இருக்கிறது.

உங்கள் கயென் வந்தபோதும் போர்ஷேக்காரர்கள் ஒப்பாரி வைத்தார்கள். அதற்கு முதல் 911க்குத் தண்ணீர்க் குளிரூட்டல் போட்டபோதும் வைத்தார்கள். பென்ஸ் கட்சியைப் பார்த்துச் சிரிக்கும் போர்ஷேக்காரருக்கும் ஒன்று சொல்கிறேன். 90களில் வந்த பென்ஸ் 500ஈயைப் பொருத்தியது போர்ஷே. மட்கார்ட் அகலமாகிப்போனதால் பென்ஸின் வழமையான தொழிற்சாலை வரிசைக்குள் அது நுழையவில்லை. போர்ஷேக்கு அப்போது காசுக் கஷ்டம். வேலையை வாங்கிக்கொண்டார்கள்.

நெல்லியடி: எம்மோ, ஏஎம்ஜியோ, எது திறம்?

மேலே பாருங்கள்.

வட்டுக்கோட்டை: ஔடியின் வேகக் கார்களான ஆர்எஸ் பற்றிச் சொல்லவில்லையே? மூன்றிலும் எது திறம்?

ரயர்த் திகதியைப் பாருங்கள்.

மானிப்பாயில் இருந்து ஒரு ஐயா: தம்பி, எம்மும் வேண்டாம், ஏஎம்ஜியும் வேண்டாம். எங்கட ஒஸ்ரின் ஏ40 சோமசெற்றுக்கு ஈடு உண்டோ? தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின காரப்பா. உன்ர லம்போர்கினி ஓடுமோ?

ஓடாது ஐயா. இந்தக் கேள்விக்கு இவ்வளவு நேரம் காத்திருந்தேன். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது நான் பள்ளிக்கூடப் பொடியன். பெற்றோல் பவுண் மாதிரி. எங்கள் ஒழுங்கையில் இருந்த ஏ40க்குக் காபரேற்றருக்குள் ஒரு மூடி பெற்றோல் விட்டு, ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை வேலிக்கு மேலால் போகும். 1.2 லீற்றர் இஞ்சின், அழுத்தம் குறைவு, அதனால் மண்ணெண்ணெயைத் தாங்கியது. இப்போதைய ரேபோ இஞ்சின் ஒரு கிலோமீற்றர் போகாது.

சாவகச்சேரியில் இருந்து இன்னொரு ஐயா: மானிப்பாய் ஐயா பொய் சொல்லவில்லை, ஆனால் ஏ40 பார்க்கத்தான் பெரிசு. என்னட்டை 58ஆம் வருட மொறிஸ் மைனர் 1000 நிற்குது. அதுவும் மண்ணெண்ணெயில் ஓடினது, அதுவும் கைதடிப் பாலத்தால். மொறிஸ் மொறிஸ்தான்.

மானிப்பாய்: மொறிஸ் ஒரு முட்டை. நாலு பேர் ஏறினால் மூச்சு வாங்கும். ஏ40இல் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குப் போயிருக்கிறோம்.

சாவகச்சேரி: ஏற்றினதைச் சொல்லுறீர், பண்டத்தரிப்பில் இறங்கித் தள்ளினதைச் சொல்லுங்கோ.

ஐயாமாரே, கொஞ்சம் பொறுங்கள். எம்மையும் ஏஎம்ஜியையும் விட இங்கேதான் சூடு கூட. ஒன்று சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒன்றாகி பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் ஆகிவிட்டன. அந்த வருடத்தில் இருந்து மைனருக்குள் வைத்ததே ஒஸ்ரின் இஞ்சின். ஒஸ்ரின் ஏ30 என்ற சின்னக் காருக்காகச் செய்த ஏ சீரிஸ் இஞ்சின். முதலில் 803 சிசி, 56இல் மைனர் 1000 வந்தபோது 948. சாவகச்சேரி ஐயா, உங்கள் மொறிஸின் நெஞ்சு ஒஸ்ரின்.

மானிப்பாய்: ஹா ஹா. நான் சொன்னேனே.

சாவகச்சேரி: இஞ்சின் எவன் செய்தால் எனக்கென்ன? அப்பா வாங்கினது மொறிஸ். போனற்றில் எழுதியிருக்கிறதும் மொறிஸ்.

நெல்லியடி: அண்ணை, என் கேள்வி?

பொறு தம்பி. சாவகச்சேரி ஐயா, சரி, மொறிஸ்தான். ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டுவாருங்கள், காபரேற்றரைக் கழற்றிக் கழுவித் தருகிறேன், காசு வேண்டாம். மானிப்பாய் ஐயாவும் வந்தால் தேத்தண்ணி உண்டு. இரண்டு பேரும் வெளிக்கிட முன்னம் ரயர்த் திகதியைப் பாருங்கள்.

சாவகச்சேரி: பார்த்தேன் தம்பி. அந்த ரயரில் திகதியே இல்லை.

அப்போ பஸ்ஸில் வாருங்கள். காரை நான் வந்து பார்க்கிறேன்.