முதுநகர் கரையிலிருந்து: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் தேவனாம்பட்டினத்து இடிந்த கோட்டையைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி கப்பல், கடற்படை, பீரங்கி. நான் வரலாற்று வாத்தியார் இல்லை. கடலூர் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, ஐந்துக்கு ஒரு குறுக்குக்கோடு போடுவது என் வேலை. அந்தப் புத்தியோடுதான் பதிலும் வரும்.

கே: ஐயா, அமெரிக்கச் சுதந்திரப் போரின் கடைசிச் சண்டை நம் கடலூரில் நடந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நிஜமா? (கல்லூரி மாணவி, நெல்லிக்குப்பம்)

ப: நிஜம்தான் அம்மா. ஆனால் அமெரிக்கர் யாரும் இங்கே வந்து சண்டை போடவில்லை. அமெரிக்கர்களுக்கு ஆதரவாகப் பிரான்ஸ் 1778இல் இங்கிலாந்தோடு மோதியது. அப்புறம் அந்த இருவருக்கும் எங்கெல்லாம் கடையும் கோட்டையும் இருந்தனவோ அங்கெல்லாம் அடிதடி. 1782இல் பிரெஞ்சுக்காரர்கள் ஹைதர் அலியின் துணையோடு கடலூரைப் பிடித்தார்கள். அதை மீட்க 1783 ஜூனில் ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட் தரை வழியாக வந்து ஊரைச் சுற்றி வளைத்தார். உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி.

ஸ்டூவர்ட் படையின் சோற்றுக்கும் வெடிமருந்துக்கும் கடல்தான் வழி. அதற்குக் காவலாக ஆங்கிலக் கடற்படைத் தளபதி எட்வர்ட் ஹ்யூஸ் 18 போர்க்கப்பல்களோடு வெளியே நின்றார். திருகோணமலையில் இருந்து பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன் 15 கப்பல்களோடு வந்து சேர்ந்தார். கப்பலில் ஆள் போதவில்லை. ஊருக்குள் இருந்த படையிலிருந்து 1200 பேரை ஏற்றிக்கொண்டார். ஜூன் 20ஆம் தேதி சாயங்காலம் ஆரம்பித்த பீரங்கிச் சண்டை இருட்டும்வரை, சுமார் மூன்று மணி நேரம் நடந்தது. இரண்டு பக்கமும் சேதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனாலும் கூடுதல் கப்பல் வைத்திருந்த ஹ்யூஸ்தான் மெட்ராசுக்குக் கிளம்பிப் போனார்.

ஏன்? தண்ணீர். கப்பலில் குடிக்கத் தண்ணீர் குறைந்துவிட்டது. ஆட்களில் ஏராளமானோருக்கு ஸ்கர்வி. ஈறு வீங்கி, பல் ஆடி, ஆறிய புண்கூடத் திறந்துகொள்ளும் நோய் அது. மாதக்கணக்கில் காய்கறி பழம் இல்லாமல் உப்புக்கறியும் காய்ந்த பிஸ்கட்டும் தின்றால் வரும். எலுமிச்சையும் ஆரஞ்சும் கொடுத்தால் தேறுகிறார்கள் என்று ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் 1747லேயே சோதித்துப் பார்த்துவிட்டார். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்க ஆரம்பித்தது 1795இல். நடுவில் 48 வருடம். நீங்கள் இருக்கும் ஊரின் பெயரிலேயே நெல்லி இருக்கிறது. யாராவது ஒரு கூடை கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.

தண்ணீர் விஷயத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கப்பல் இங்கே கரைக்கு வராது. என் காலத்திலும் ஒரு மைலுக்கு அப்பால் நங்கூரம் போட்டுத்தான் நிற்கும். உப்பனாற்றில் இருந்து லைட்டர் போட்டில், அதாவது கரைக்கும் கப்பலுக்கும் நடுவே சரக்கு ஏற்றிப் போகும் படகில், முகத்துவாரம் தாண்டிப் போவோம். கப்பல் பக்கத்தில் போனதும் லைட்டர் ஆளுயரம் ஏறும், ஆளுயரம் இறங்கும். ஏறி உச்சிக்கு வரும் அந்த ஒரு நொடியில் ஏணியைப் பிடிக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் லைட்டர் மறுபடி எழும்பிக் காலை நசுக்கிவிடும். முதல் வாரமே என் டாலி நோட்டு கடலுக்குள் போய்விட்டது. அன்று எண்ணிய உர மூட்டை அத்தனைக்கும் மறுநாள் நான்தான் திட்டு வாங்கினேன். ஒரு நோட்டுப் புத்தகத்தை மேலே கொண்டுபோகவே இந்தப் பாடு. ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு, எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போது, பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள்.

ஹ்யூஸ் போனதும் ஸ்டூவர்ட்டின் முற்றுகை அந்தரத்தில் தொங்கியது. ஜூன் 29ஆம் தேதி வெள்ளைக்கொடியோடு ஒரு ஆங்கிலக் கப்பல் வந்தது. ஐரோப்பாவில் ஜனவரி 20ஆம் தேதியே சமாதான முன் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதாம். ஐந்து மாதம் கழித்துத்தான் தகவல் வந்தது. இங்கே செத்தவர்கள் முடிந்துபோன போரில் செத்தவர்கள். பிறகு கடலூரும் ஆங்கிலேயர் கைக்கே திரும்பிப் போயிற்று.

கே: இவ்வளவு பெரிய கோட்டை கட்டி, டூப்ளே மாதிரி கவர்னரை வைத்துக்கொண்டும் பிரெஞ்சுக்காரர்கள் தோற்றது ஏன்? (ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

ப: உங்கள் ஊர் கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் டூப்ளே சிலையாக நிற்கிறாரே, அங்கே நின்று கடலைப் பாருங்கள். காற்றுக்கு ஒதுங்க ஒரு தீவு உண்டா, வளைகுடா உண்டா? மெட்ராஸ், புதுச்சேரி, கடலூர் எல்லாமே அப்போது திறந்த கடல்தான். ஐப்பசி பிறப்பதற்குள் பெரிய கப்பல்கள் இந்தக் கரையை விட்டு ஓடிவிட வேண்டும். ஆங்கிலேயர் பம்பாய்க்குப் போனார்கள். அங்கே 1750களிலேயே கப்பலைத் தண்ணீரில்லாமல் நிறுத்திப் பழுது பார்க்கும் கட்டுதுறை வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்படிப்பட்ட இடம் மொரீஷியஸ்தான். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒரு பாய்மரம் முறிந்தால் அத்தனை தூரம் போய் வர வேண்டும். 1759 செப்டம்பரில் சண்டை போட்டுவிட்டு மொரீஷியஸ் போன பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தஷே, திரும்பி வரவே இல்லை. என்னைக் கேட்டால் புதுச்சேரி தோற்றது அன்றைக்கு.

1761 ஜனவரி 1 அன்று கடவுளே ஒரு வாய்ப்பு கொடுத்தார். புதுச்சேரியை முற்றுகை போட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்களைப் புயல் அடித்து நொறுக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். அரிசிப் படகுகளை உடனே அனுப்பு என்று பிரெஞ்சுத் தளபதி லாலி பழவேற்காட்டில் இருந்த தம் ஆளுக்கு அவசரக் கடிதம் எழுதினார். ஆனால் ஒரு வாரத்துக்குள் மிச்சக் கப்பல்கள் திரும்ப வந்து வழியை அடைத்துவிட்டன. ஜனவரி நடுவில், பட்டினியோடு, ஊர் சரணடைந்தது. எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி மரியாதை என்று கால் நூற்றாண்டாக நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் அதே ஜனவரியில்தான் கண்ணை மூடினார்.

புயல் ஆங்கிலேயருக்கும் சொந்தக்காரன் இல்லை. 1749 ஏப்ரலில் தேவனாம்பட்டினம் பக்கத்தில் அவர்களின் 'நமூர்' என்ற தலைமைக் கப்பலே ஐந்நூறு பேருக்கு மேல் உள்ளே இருக்க மூழ்கியது. தளபதி பாஸ்கவன் அன்று கரையில் இருந்ததால் பிழைத்தார். ஐப்பசியில்தான் புயல் வரும் என்று நம்பி இருந்திருப்பார்கள், சித்திரையில் வந்தது.

சுஃப்ரனுக்கு மட்டும் இந்தக் கணக்கு புரிந்திருந்தது. 1782இல் அவர் முதல் காரியமாகத் தேடியது ஒதுங்க இடம். ஆகஸ்ட் கடைசியில் திருகோணமலையைப் பிடித்துவிட்டார். அதனால்தான் மறுவருடம் கடலூருக்கு நேரத்தில் வர முடிந்தது.

கே: என் தாத்தா கெட்டிக்காரப் பயல்களை 'சரியான எம்டன்' என்பார். யார் அந்த எம்டன்? (விருத்தாசலம்)

ப: ஆள் இல்லை தம்பி, ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராசுக்கு முன்னால் வந்து நின்று எண்ணெய் டாங்குகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு, அரை மணியில் மறைந்துவிட்டது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை முடித்தது. கப்பல் போய்விட்டது, பெயர் நம் பேச்சில் தங்கிவிட்டது.

கே: உலகத்தின் முதல் கடற்படை சோழர்களுடையதுதானே? பாடப் புத்தகங்கள் மறைக்கின்றன. (சிதம்பரம்)

ப: யாரும் மறைக்கவில்லை. கிரேக்கர்கள் சலாமிஸில் பாரசீகக் கப்பல்களை அடித்தது கி.மு. 480இல். ராஜேந்திரன் கடாரத்துக்குப் படை அனுப்பியது 1025இல். நடுவில் 1500 வருடம். 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று அவர் புகழைப் பாடும் கல்வெட்டு வரிகளான மெய்க்கீர்த்தி சொல்கிறது. எத்தனை கலம் என்று சொல்லவில்லை. டாலி போட்டவன் நான். எண்ணாததை எழுத எனக்குக் கை வராது. வங்கக் கடலைத் தாண்டிப் படையை இறக்கி அரசனையே பிடித்தது சின்னக் காரியமா? அது போதாதா?

பெருமைப்பட இன்னொன்று சொல்கிறேன். சீனத் தளபதி செங் ஹே பெருங்கப்பல் கூட்டத்தோடு இந்தப் பக்கம் வந்தபோது இலங்கையில் நிறுத்த ஒரு கல்வெட்டு கொண்டுவந்தார். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. மூன்று மொழிகள்: சீனம், பாரசீகம், தமிழ். தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற இலங்கைக் கோயில் தெய்வத்துக்குக் காணிக்கை கொடுத்த பட்டியல். கடலில் வியாபாரம் பேச வேண்டுமானால் தமிழும் வேண்டும் என்று சீனாக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. காலியில் கிடைத்த அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில்.

கே: கட்டுமரம்தான் கேடமரானா? (ஆசிரியை, பாகூர்)

ப: பெயர் நம்முடையது, பொருள் வேறு. இன்று கேடமரான் என்றால் இரட்டை உடல் படகு. அது பசிபிக் தீவுக்காரர்களின் வழி. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். போர்க்கப்பல் வந்தாலும் வியாபாரக் கப்பல் வந்தாலும் அந்தக் காலத்தில் அலை தாண்டி முதலில் கடிதத்தோடு போய் நின்றவர்கள் கட்டுமரக்காரர்கள். சரக்கும் ஆளும் மசூலாப் படகில் போகும்; ஆணி இல்லாமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு, அலை மோதினால் நெளிந்து கொடுக்கும். வெள்ளைக்காரனின் சொந்தப் படகு இந்த அலையில் உடைந்துபோகும்.

சுனாமிக்குப் பிறகு எங்கும் பைபர் போட்டுதான். எங்கள் தெருக் கோடியில் ஒரு பெரியவர் மட்டும் கடைசிவரை கட்டுமரம் வைத்திருந்தார். மீன் பாடு முடிந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் பரப்பிவிடுவார். ஊறிய மரம் காயாமல் மறுநாள் மிதக்காது. விடியுமுன் மறுபடி கட்டுவார். இருட்டில், விளக்கில்லாமல், எந்த மரம் எந்தப் பக்கம் என்று கையால் தடவிப் பார்த்தே.